சாகு, பிடி

1

மாதப்பன் குற்றமற்றவன் என்பது எனக்குத் தெரியும். ஊர்க்கூட்டத்தில் என்னைக் கேட்டார்கள். அவன் வாயிலிருந்து வந்த இரண்டு சொற்களை ஒலி மாறாமல் சொன்னேன், பொருளைச் சொல்லவில்லை. அதனால் அவன் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. நான் செய்த தவறு இதுதான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் வயது எனக்குப் போய்விட்டது.

தர்மபுரிப் பக்கத்து வயதானவர்களில் சிலர் இந்த வழக்கைக் கேட்டிருக்கலாம். பென்னாகரம் சாலையில் காப்பிக் கிளப்புகளில் பல வருஷம் ஓடிய வழக்கு இது. நான் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஒரு வழக்கு முடியாமல் நீண்டுகொண்டே போனால், எந்தக் கட்சி சரி என்று நான் இப்போது பார்ப்பதில்லை. அது முடிந்தால் யாருக்கு வலிக்கும் என்று பார்க்கிறேன். வலிக்கப்போகிறவன் பெரும்பாலும் நியாயம் பேசிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான்.

2

நான் இருப்பது மலேசியாவில், தைப்பிங் என்ற ஊரில். மத்தியானம் மழை வராவிட்டால் ஊரே அண்ணாந்து பார்க்கும். தர்மபுரியில் மழை வந்தால் அண்ணாந்து பார்ப்போம்.

இங்குள்ள எங்கள் சங்கத்தில் மூன்று கூட்டங்களாக ஒரு சண்டை நடக்கிறது. இளைஞர்களுக்குப் போட்டி வைத்துக் கோப்பை தரப் போகிறார்கள். கோப்பையில் ‘சடுகுடு’ என்று பொறிப்பதா, ‘கபடி’ என்று பொறிப்பதா? சடுகுடுக் கட்சியின் தலைவருக்கு அடுத்த தேர்தலில் நிற்கும் எண்ணம். கபடிக் கட்சிக்காரரின் மைத்துனர் கோப்பை செய்து தருகிறவர். தமிழ் வாழ வேண்டும் என்று ஒருவர் மேசையைத் தட்டுகிறார். உலகத்தோடு ஒட்ட வேண்டும் என்று மற்றவர் தட்டுகிறார். ஆடப்போகிற பையன்கள் வெளியே பந்து உதைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை என் பக்கம் திரும்பினார்கள்.

“ஐயா பெரியவங்க. கோர்ட்டுல இருந்தவங்க. நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

தலை சுற்றுகிறது என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். உண்மையாகவே சுற்றியது.

சாப்பிடும்போது மருமகள் இன்னொரு கரண்டி சோறு போட வந்தாள். நான் ஏதோ நினைவில், “சாகு, சாகு” என்றேன். என் பேத்தி கவிதா நிமிர்ந்தாள்.

“சாக்குவா தாத்தா? எந்த சாக்குல? ஒங்க சட்டையிலதான் பாக்கெட்டே இல்லையே?”

மலாயில் அப்படிச் சொன்னால் சட்டைப்பை. அவளுக்கு முதலில் தோன்றும் பொருள் அதுதான். தமிழில் கோணியும் சாக்குதான், நொண்டிக் காரணமும் சாக்குதான். கன்னடத்தில் சாகு என்றால் போதும். அந்த மொழி பேசும் ஊரில் சிறுவயதில் நாலு வருஷம் சாப்பிட்டவன் நான். இலையில் கைவைத்துச் சொல்லும் வார்த்தை இத்தனை காலம் கழித்தும் தானாக வருகிறது. வரவேண்டிய அன்றைக்கு மட்டும் வரவில்லை.

3

முப்பதுகளின் நடுவில் நான் எங்கள் ஊர் எலிமெண்டரிப் பள்ளியில் வாத்தியார். பெங்களூருக்கு இப்பால் ஆனேக்கல்லில், தாய்மாமன் வீட்டில் தங்கி இங்கிலீஷ் படித்து வந்தவன். போனது இங்கிலீஷ் படிக்க. அதனால் அதைத் தவிர வேறெதுவும் எனக்கு ஒட்டியிருக்கும் என்று ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. நானும் காட்டிக்கொண்டதில்லை. எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு கன்னடத் தெரு இருந்தது. பஞ்ச காலத்தில் காவேரிக்கு அக்கரையிலிருந்து வந்தவர்கள். எங்களோடு தமிழில் பேசுவார்கள். தங்களுக்குள் அவர்கள் பேசுவதைப் புரிந்துகொள்ள யாரும் சிரமப்பட்டதில்லை. புரியாததால், நம்மைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறார்கள் என்ற சந்தேகம் மட்டும் எல்லோருக்கும் இருந்தது.

மாதப்பன் அந்தத் தெரு. அரூர்ச் சந்தைக்குப் புளியும் நிலக்கடலையும் பாரம் ஏற்றிப் போகும் வண்டிக்காரன். சடுகுடுவில் எங்கள் அணிக்குத் தூண் மாதிரி. அவனும் அவன் தம்பிகள் இருவரும் அணியில் இருந்தார்கள். மீதிப் பேர் எங்கள் தெருக்களைச் சேர்ந்தவர்கள்.

மாரியம்மன் பண்டிகைக்கு அரூர்ப் பக்கத்து அணி ஆட வந்தது. கேவுரு அறுத்த கொல்லையில் கோடு போட்டிருந்தார்கள். பள்ளிக்கூட விசில் என் கழுத்தில் தொங்கியது. நான்தான் அம்பையர். எங்கள் ஊர்க்காரன் என்றாலும், படித்தவன் பொய் சொல்லமாட்டான் என்று அரூர்க்காரர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

அவர்கள் அணியில் தீர்த்தகிரி என்று ஒருவன். அவன் பாடிக்கொண்டு வந்தால் மூச்சு எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. அவனுடைய அண்ணன், பெரியண்ணன் என்று பெயர், ஆட்டக்காரன் இல்லை. கோட்டோரம் நின்று தகராறு செய்பவன். முந்தின ஆட்டத்தில் எங்கள் ஆள் ஒருவனின் கால் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று பிடித்துக்கொண்டான்.

“தொட்டதுங்க. மண்ணு கலஞ்சிருக்குது பாருங்க.”

“காற்றில் கலைந்திருக்கும்.”

“காத்துக்கு அஞ்சி வெரலு இருக்குதாங்க வாத்தியாரே?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. எந்த வாதத்திலும் கடைசி வார்த்தை என்னுடையதாக இருக்க வேண்டும் என்ற வியாதி அப்போது எனக்கு உண்டு. குனிந்து மண்ணைக் காட்டி, விதியைச் சொல்லி, மறுபடி விதியைச் சொல்லி விளக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் தீர்த்தகிரி பாடிக்கொண்டு போய்விட்டான். விசில் என் கழுத்தில். என் முதுகு ஆட்டத்தின் பக்கம்.

பிடித்தார்கள். ஆள்மேல் ஆளாக விழுந்தார்கள். பிடிபட்டவன் பாட்டு விட்டுவிட்டால் விசில் ஊத வேண்டும், எல்லோரும் எழுந்துவிட வேண்டும். பாட்டு நின்றது. விசில் வரவில்லை. குவியலுக்கு அடியில் ஒரு கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்ததை மாதப்பன் ஒருவன்தான் பார்த்தான். அவசரத்தில் மனிதனுக்குத் தாய்மொழிதான் வரும். கத்தினான்:

“சாகு! பிடி! சாகு, பிடி!”

போதும், விடுங்கள். இதுதான் அதன் பொருள். எங்கள் பக்கத்தில் ‘வுடு’ என்கிறோமே, அதுவே அவர்களுக்கு ‘பிடு’. மரியாதையாகவோ பல பேரைப் பார்த்தோ சொன்னால் ‘பிடி’. குவியலில் அவனைவிட மூத்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பதற்றத்திலும் மரியாதை தவறவில்லை அவன். ‘பிடு’ என்று கத்தியிருந்தால், எங்கள் ஆட்கள் காதில் ‘வுடு’ என்றே விழுந்திருக்கலாம். மரியாதைதான் அவனைக் கெடுத்தது.

அவன் தம்பிகள் கையை எடுத்தார்கள். மேலே கிடந்த எங்கள் தெருக்காரர்கள் இன்னும் இறுக்கினார்கள். முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதுதான் திரும்பினேன்.

4

தீர்த்தகிரி பிழைத்தான், தொடை எலும்பு கோணலாகச் சேர்ந்தது. அரூரிலிருந்து இரண்டு வண்டி நிறைய ஆட்கள் வந்தார்கள். மாரியம்மன் கோவில் முன்னால் கூட்டம்.

“‘சாகு’ன்னு கத்துனானுங்க,” என்றான் பெரியண்ணன். “‘பிடி’ன்னு ஏவி வுட்டானுங்க. எந்தம்பி காலு போச்சு. இத்தோட வுட முடியாதுங்க.”

மாதப்பன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். “எங்க பாசையில ‘போதும், வுட்டுடுங்க’ன்னு சொன்னேனுங்க. மாரியாத்தா மேல ஆணையா.”

“அக்காங், அப்படித்தான் சொல்லுவே. மாட்டிக்கிட்டா எல்லாம் ஒங்க பாசையாயிடும்.”

கன்னடத் தெருப் பெரியவர் ஒருவர் எழுந்து, அவன் சொல்வது நிஜம் என்றார். “நீங்க அவனுக்கு ஒறமொறைதானே?” என்று உட்கார வைத்துவிட்டார்கள். பிறகு ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்தார்.

“வாத்தியாரே, நீங்க கோட்டுகிட்ட நின்னீங்க. படிச்சவங்க, பொதுவானவங்க. அவன் என்ன சொன்னான்?”

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. ‘போதும், விடுங்கள்’ என்று ஆட்டக்காரன் கத்தினான் என்றால், அடுத்த கேள்வி ‘விசில் ஏன் ஊதவில்லை’ என்பதுதான். பெரியண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தம்பியின் கால் முறிந்த நேரத்தில் அவன் என்னோடு மண்ணில் விரல்தடம் தேடிக்கொண்டிருந்தான். அது வெளியே வந்தால் அவனும் தாங்கமாட்டான். எங்கள் இருவருக்கும் மாதப்பன் தேவைப்பட்டான்.

“‘சாகு, பிடி’ என்றுதான் என் காதில் விழுந்தது,” என்றேன்.

பொருளை யாரும் கேட்கவில்லை. மாதப்பன் என்னைப் பார்த்தபடி நின்றான்.

பண்டிகைக்கு அவன் கோவில் பக்கம் வரக்கூடாது, அவன் வண்டியில் யாரும் பாரம் ஏற்றக்கூடாது என்று தீர்ப்பானது. அரூர்ச் சந்தையிலும் அவனை நுழைய விடவில்லை. மறு வருஷம் காளைகளை விற்றுவிட்டு, பரிசலில் காவேரியைக் கடந்து அக்கரைக்கே போய்விட்டான். அதற்கடுத்த வருஷம் நான் கப்பலேறினேன். படிப்புக்கேற்ற உத்தியோகம் தேடிப் போவதாக ஊரில் சொன்னேன். அது எந்த அளவு நிஜம் என்பதில் எனக்கே இப்போது சந்தேகம்.

5

மலாயாவில் எனக்குக் கிடைத்த உத்தியோகம், கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். சிரிக்காதீர்கள்; நான் சிரித்ததில்லை. உள்ளதை உள்ளபடி, கூட்டாமல் குறைக்காமல் பெயர்த்துச் சொல்வேன் என்று சத்தியம் செய்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். தோட்டத்துச் சண்டை, கள்ளுக்கடைச் சண்டை, கோழி திருடிய வழக்கு. சாட்சி சொல்கிறவனின் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்ப்பேன். ஒலியை மட்டும் கொடுத்துப் பொருளை மறைக்கிறவன் எப்படி நிற்பான் என்று எனக்குத் தெரியும்: மிகவும் நேராக நிற்பான்.

ஜப்பான்காரன் வந்தான், போனான். வெள்ளைக்காரத் துரைகள் திரும்பி வந்தார்கள். கோர்ட் மறுபடி திறந்தது, அதே சத்தியம்.

பிற்காலத்தில் குடியுரிமைக்காக ஓர் அலுவலகத்துக்கு அலைந்தேன். பழைய காகிதத்தில் சேலம் ஜில்லா என்றிருந்தது, புதியதில் தர்மபுரி மாவட்டம் என்று எழுதியிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். “நீர் பிறந்தது எந்த ஊரில்? ஒன்றைச் சொல்லும்” என்றான். ஊர் நகரவில்லை, ஜில்லாவைப் பிரித்துவிட்டார்கள் என்றேன். நம்பவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவன் உண்மையைச் சொல்லி நம்பப்படாமல் நிற்பது எப்படியிருக்கும் என்று, அந்த மேசைக்கு இப்பால் நின்றுதான் நான் தெரிந்துகொண்டேன்.

6

யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்தபிறகு, நாற்பதுகளின் கடைசியில் ஊருக்குப் போனேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். தர்மபுரியில் பஸ்ஸை விட்டு இறங்கிக் காப்பிக் கிளப்பில் உட்கார்ந்தால், பக்கத்து மேசையில் என் வழக்கு.

“நம்மாளுன்னா ‘சாவுடா’ன்னுதான் கத்துவான். ‘சாகு’ன்னு கத்தறதுக்கு அவன் என்ன பொஸ்தகமா?”

“அவந்தான் நம்மாளு இல்லியே. அவனுங்க பேசற தமிழு அப்படித்தான் இருக்கும்.”

“அப்ப தமிழுன்னு ஒத்துக்கற?”

“எதுவா இருந்தா என்னா? கெட்ட எண்ணம் எந்தப் பாசையிலயும் கெட்ட எண்ணந்தான்.”

“அவந்தம்பிங்க கைய எடுத்தாங்களா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல.”

“எடுத்தாங்க. ஒடஞ்சப்புறம் எடுத்தாங்க.”

“நீ பாத்தியா?”

“பாத்தாத்தான் பேசணுமா? எங்க மாமன் பாத்தாரு.”

நாட்டில் அவ்வளவு நடந்திருந்தது. இவர்கள் இன்னும் அந்தக் கொல்லையிலேயே நின்றிருந்தார்கள். பேசியவர்களில் ஒருவனுக்கும் அந்த ஆட்டத்தன்று மீசை முளைத்திருக்காது. எனக்கு அசதியாக இருந்தது, பயமாகவும் இருந்தது. நான் மூட்டிய அடுப்பில் இத்தனை பேர் குளிர்காய்கிறார்கள். தண்ணீர் ஊற்றினால் சும்மா விடுவார்களா?

பண்டிகைக்கு அரூர்க்காரர்களும் வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன் எழுந்து நின்று சொன்னேன். எனக்குக் கன்னடம் தெரியும். மாதப்பன் சொன்னதற்குப் போதும், விடுங்கள் என்று அர்த்தம். நான் விசில் ஊதவேண்டிய நேரத்தில் திரும்பி நின்று வாதாடிக்கொண்டிருந்தேன். அது வெளியே வராமலிருக்க அர்த்தத்தை மறைத்தேன். பெரியண்ணன் பெயரை மட்டும் சொல்லவில்லை. கேட்டவர்களில் கன்னடத் தெருக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதலில் வாய் திறந்தவன் பெரியண்ணன். நரைத்திருந்தான். “இத்தினி வருசம் கழிச்சித்தான் காது தொறந்துச்சாங்களா ஒங்களுக்கு? கடல் தாண்டுனா நல்லாக் கேக்கும் போல.”

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது.

“மாதப்பன் வூட்டுல ஏதாவது சொல்லி அனுப்பிச்சாங்களா?” என்றான் ஒருவன்.

“அன்னிக்கி சொன்னது பொய்யின்னா, இன்னிக்கி சொல்றது மட்டும் நெசமா?” என்றான் இன்னொருவன்.

பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவன் கம்பை ஊன்றி எழுந்தான். தீர்த்தகிரி. எல்லோரும் அடங்கினார்கள்.

“அவன் சொன்னது எதுவும் எங்காதுல விழலீங்க. மண்ணுக்குள்ள மூஞ்சி. விசிலு வரும் வரும்னு பாத்தேன். வரல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டுத் தன் அண்ணனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நொண்டியபடி கூட்டத்தை விட்டு வெளியே போனான்.

வழக்கு அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அதுவரை இரண்டு கட்சி. நான் பேசியதும் மூன்றாவது கட்சி உண்டானது. வாத்தியார் அன்றைக்குப் பொய் சொன்னாரா, இன்றைக்குச் சொல்கிறாரா? பொழுது சாய்வதற்குள் அரூர் இளைஞர்களுக்கும் கன்னடத் தெருப் பையன்களுக்கும் கைகலப்பு. ஆட்டம் நடக்கவில்லை. என்னை உட்காரச் சொன்ன கன்னடத் தெருப் பெண் ஒருத்தி, தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டே கேட்டாள்: “இப்ப எதுக்குங்க சாமி இதெல்லாம்? நாங்க பாட்டுக்குத்தானே இருந்தோம்?”

7

மறுநாள் ஒகேனக்கல் போய்ப் பரிசலேறினேன். அக்கரையில் மாதப்பனை விசாரித்தபோது, “யார், அந்தத் தமிழ்க்காரனா?” என்று கன்னடத்தில் கேட்டார்கள். இங்கே கன்னடக்காரன், அங்கே தமிழ்க்காரன்.

மாட்டுக்கொட்டகைக்கு வேலி கட்டிக்கொண்டிருந்தான். உடம்பு வற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டினான். அன்றைக்குக் கட்டிய அதே மாதிரி.

எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தில் பேசியதையும் சொன்னேன். கன்னடத்தில் சொன்னேன். அவன் தமிழில் பதில் சொன்னான்.

“ஒங்களுக்கு எங்க பாசை தெரியும்னு எனக்குத் தெரியுங்க வாத்தியாரே.”

“எப்படி?”

“சேலத்துக்குப் போக ஒருக்கா என் வண்டியில வந்தீங்க. தொப்பூர்க் கணவாயில மாடு மெரண்டுச்சு. ‘மெல்லகெ, மெல்லகெ’ன்னீங்க. மாட்டுகிட்ட எங்க பாசையில பேசுனீங்க. நான் கேட்டுக்கிட்டேன்.”

எனக்கு அது நினைவே இல்லை.

“பின்னே கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை? வாத்தியாருக்குத் தெரியும், அவரைக் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை…”

“நான் சொல்லி நீங்க சொன்னா, ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டதா சொல்லுவாங்க. நீங்களாச் சொன்னாத்தான் எடுபடும். அதான் ஒங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன்.”

குரலில் கோபமில்லை. கோபமிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். என்னோடு வா, அரூர்ச் சந்தையில் எல்லோர் முன்னிலையிலும் இன்னொரு முறை சொல்கிறேன், எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்கிறேன், அவர்கள் நம்புகிற வரைக்கும் வாதாடுகிறேன் என்றேன். வாதாடுகிறேன் என்ற சொல் வாயைவிட்டு வந்ததும், கோட்டோரம் குனிந்து மண்ணைக் காட்டிய அந்த வாலிபன்தான் மறுபடியும் பேசுகிறான் என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டு பேசினேன்.

மாதப்பன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு, நான் வந்ததிலிருந்து முதன்முறையாகத் தன் மொழியில் பேசினான். கத்தவில்லை.

“சாகு,” என்றான். “பிடி.”

மரியாதையாகத்தான் சொன்னான். நான் கையை விட்டேன்.